இல்லாத எடை

ஆஸ்பத்திரி கொடுத்தது இருபத்து மூன்று கிலோ.
இலவசம்.
இரும்பும் நீல ரெக்சினும்.
குளியலறைத் தராசில் முதலில் அதை ஏற்றினோம்,
பிறகு என்னை.
என்னில் ஏறக்குறைய பாதி.

சாட்ஸ்வொர்த் சரிவில் வீடு.
பெயருக்குத் தெரு, மழை வந்தால் ஓடை.
இறங்கும்போது உள்ளங்கைதான் பிரேக்.
ஏறும்போது யாராவது வேண்டும்.
அந்த யாராவது எப்போதும் கோகிலாம்பாள்,
என் தங்கை,
அவளுக்கே இடுப்பு சரியில்லை.

டாக்சியில் இரண்டு பேர் கட்டணம்:
எனக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று.
"அது மூச்சு விடுதா?" என்று ஒருநாள் கேட்டேன்.
"இடம் பிடிக்குதே, ஆன்ட்டி" என்றான் பையன்.
அதுவும் நியாயம்தான்.

டர்பனில் ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால்
ஒன்பதரைக் கிலோ.
விற்கிறவன் ஒரு விரலில் தூக்கிக் காட்டினான்.
விலைச்சீட்டின் பூஜ்யங்களை எண்ணினேன்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
தங்கமென்றால் கூடுகிற கிராமுக்குக் காசு.
இங்கே குறைகிற கிராமுக்கு.
பதின்மூன்றரைக் கிலோ இல்லாமை,
கிலோ இரண்டாயிரம் ராண்டு.
என் உதவித்தொகையில்
மாதம் ஒரு கிலோ இல்லாமை வாங்கலாம்,
சாப்பிடாமல் இருந்தால்.
சாப்பிடாமல் இருந்தால் நானும்தான் இளைப்பேன்,
அதைக் கழித்துக்கொள்வார்களா?

பிறகு கைமாறிய நாற்காலிகள்.
டொங்காட்டில் ஒன்று, முன்சக்கரம் இல்லை,
"வாங்கிப் போட்டுக்கலாம்" என்றார்கள்,
எங்கே என்று சொல்லவில்லை.
பைன்டவுனில் ஒன்று, படத்தில் பளபளப்பு,
நேரில் சாயம் பூசிய துரு.
இசிபிங்கோவில் ஒரு அம்மாள்
கணவருடையதை விற்பதாகச் சொல்லி
தேநீர் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள்,
நாற்காலியைக் கொடுக்க மனம் வரவில்லை.
நானும் வற்புறுத்தவில்லை.
அதன்மேல் செய்தித்தாள் மடித்து வைத்திருந்தாள்.
அன்றைய தேதி.

உம்லாசியில் லுங்கெலோ.
கூடைப்பந்து ஆடுகிறவன்,
குழு புதிது கொடுத்ததால் பழையதை விற்கிறான்.
பதினொன்றரைக் கிலோ.
காலை அகட்டி நிற்கும் பயில்வான் மாதிரி
சாய்ந்த சக்கரங்கள்.
ஒரு பேரிங் கீச்சிட்டது.
கால் எப்படிப் போச்சு என்று கேட்காமல்
"இடுப்பு எத்தனை அங்குலம்?" என்று கேட்ட
முதல் மனிதன்.

மூவாயிரத்து ஐந்நூறு என்றான்.
சீட்டு எடுத்தது இரண்டாயிரத்து அறுநூறு,
பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் தைத்தது ஐந்நூறு.
மேசைமேல் பெடலை ஏற்றி
முழங்கையால் அழுத்தி ஓட்டுகிற மெஷினில்
எத்தனை காலர் என்று கேட்காதீர்கள்.
மீதி நானூறுக்கு
பன்னிரண்டு பனியன்களில் எண் தைத்துத் தர ஒப்பந்தம்.
ஏழாம் எண் கொஞ்சம் கோணல்.
அவன் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்தான்.

வீட்டுக்கு வந்தால்
குளியலறை வாசலில் சிக்கிக்கொண்டது.
இரண்டு விரல் அகலம் அதிகம்.
தங்கை புருஷன் தவநேசன்
நாடா வைத்து அளந்தார், மௌனமாக,
சக்கரத்தை ஒரு தடவை, வாசலை மூன்று தடவை.
பிறகு ரம்பம் எடுத்தார்.
கதவு போயிற்று, நிலையும் போயிற்று.
இப்போது அங்கே
மீன் படம் போட்ட பிளாஸ்டிக் திரை.
உள்ளே ஆளிருப்பது தெரிய
நான் பாடியாக வேண்டும்.
என் குரல் தெரிந்தவர்கள்
கதவையே திரும்ப மாட்டச் சொல்கிறார்கள்.

சரிவு இளைக்கவில்லை.
முதல் நாள் மூன்றாவது வீட்டுக் கேட் வரை,
நேற்று ஐந்தாவது.
கோகிலா பின்னால் நடந்து வருகிறாள்
கையை என்ன செய்வதென்று தெரியாமல்.

இன்று காலை டாக்சி.
அதே பையன். சக்கரங்களைக் கழற்றி மடியில் வைத்தேன்,
மீதியை ஒற்றைக் கையால் உள்ளே தூக்கிப் போட்டான்.
இரண்டு கட்டணம் கேட்டான்.
"ஒன்றரை" என்றேன்.
"எடை பாதியாச்சே."
அவன் யோசித்தான்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.